கன்பே கடையில் வாங்கிய ஆறு பேனாக்கள்

உமெகாகி சதயோஷி (1939–2014).

ஒகயாமா நகரில் பிறந்தார். அந்நகரின் குடிநீர்த் துறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று நீர்மானி பார்த்து அளவு குறிக்கும் வேலை செய்தார். 1999-இல் ஓய்வு பெற்றார். மனைவி பெயர் சுமி. குழந்தைகள் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் வாசகர் மறவாதிருக்க வேண்டும். பின்னால் நடந்தவை அனைத்தும் அதைச் சுற்றியே நடந்தன.

நீர்மானி பார்ப்பவர் அழைப்பின்றி அடுத்தவர் முற்றத்துக்குள் நுழைய வேண்டியவர். நாய் குரைக்கக் கூடாது. வீட்டுக்காரி முகம் சுளிக்கக் கூடாது. உமெகாகி இரண்டையும் கற்றிருந்தார். தலை வணங்குவார், வாசலில் நிற்கும் சீமைப்பனிச்சை மரத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார், குனிந்து இரும்பு மூடியைத் தூக்குவார், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். யாருக்கும் அவர் முகம் நினைவிராது. ஆனால் யாருக்கும் அவர்மேல் சந்தேகமும் வராது. ஓய்வுக்குப் பிறகு இந்தத் திறமையை அவர் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்.

அவர் மைப்பேனா சேகரிப்பவர். அவரோடு சேர்த்து நாங்கள் ஏழு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு வட்டாரப் பொதுமண்டபத்தின் மாடியறையில் கூடுவோம். மற்ற நாட்களில் ஆளுக்கொரு திசையில் மலையூர்களுக்குப் போய், மூடும் நிலையிலிருக்கும் பழைய எழுதுபொருள் கடைகளைத் தேடுவோம். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தோண்டுதல். முறை ஒன்றுதான். உள்ளே போனதும் ஓர் அழிப்பானும் ஒரு குறிப்பேடும் வாங்க வேண்டும். கடைக்காரரின் உடல்நலம் விசாரிக்க வேண்டும். பிறகு, தற்செயலாக நினைவுக்கு வந்தாற்போல, விற்காமல் கிடக்கும் பழைய பேனா ஏதாவது உண்டா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் எண்பதைத் தொட்ட ஒருவர் இழுப்பறையைத் திறப்பார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருக்கும். அந்த விலையை மறுபேச்சின்றிக் கொடுத்து வாங்கி வருவோம். ஆயிரம் யென்னுக்கு வாங்கியது டோக்கியோவில் லட்சம் யென்னுக்குப் போகும்.

பேரம் பேசுவது எங்களுக்குள் இழிவாகக் கருதப்பட்டது. விற்பவர் எழுதிய விலையை ஒரு யென்னும் குறையாமல் கொடுப்பவன் யாரையும் ஏமாற்றவில்லை என்பது எங்கள் உறுதியான கொள்கை. அதை நாங்கள் நேர்மை என்றே அழைத்தோம். அதில் எங்களில் எவருக்கும் ஐயமிருந்ததில்லை.

2006 பிப்ரவரிக் கூட்டத்தில் ஹத்தோரி தென்கிச்சி மனம் நொந்து ஒரு செய்தி சொன்னார். ஹத்தோரி முன்பு பேருந்து ஓட்டியவர். எங்களில் வாய் அதிகம் அவருக்குத்தான்.

"கனாதானியில ஒரு கிழவி கடை வச்சிருக்கா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஆறு பேனா. ஆறும் அந்த மூணு பேர் பட்டறையோடது. கைய நீட்டினேன். பெட்டிய மூடிட்டா!"

அந்தப் பட்டறை எங்கள் ஊரில் இருந்தது. மூன்றே தொழிலாளிகள் கடைசல் பிடித்து, அரக்கு மெருகேற்றிப் பேனா செய்த இடம், 1964-இல் மூடப்பட்டது. அதன் பேனா ஒன்று 2006-இல் இரண்டு லட்சம் யென்னுக்குக் குறையாமல் விலை போயிற்று. உமெகாகி அதை இருபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார், ஒன்றுகூட அகப்படவில்லை.

"ஏன் மூடினா?" என்று கேட்டார் உமெகாகி.

"பெரியவங்களுக்கு விக்கறதில்லையாம். நடுநிலைப் பள்ளி சேர்ற பசங்களுக்குத்தானாம்."

"உன் மூஞ்சியப் பார்த்துட்டு மூடியிருப்பா."

"சிரி, நல்லாச் சிரி. நீ போனா மட்டும் என்ன? அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு, முதுகுல பை மாட்டிக்கிட்டுப் போனாத்தான் கிடைக்கும் உனக்கு."

எல்லோரும் சிரித்தோம். உமெகாகி தம் குறிப்பேட்டில் கனாதானி செல்லும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

மார்ச் பதினோராம் நாள் சனிக்கிழமை அவர் அங்கே போனார். கனாதானி, செப்புச் சுரங்கம் மூடப்பட்டபின் ஆளொழிந்துபோன ஊர். கடையின் உரிமையாளர் கன்பே ஃபுஜியே, எழுபத்தொன்பது வயது, கணவரை இழந்தவர். நடந்ததை உமெகாகி பின்னர் என்னிடம் ஒரு சொல் விடாமல் கூறினார். அவர் கூறியபடியே எழுதுகிறேன்.

அழிப்பானையும் குறிப்பேட்டையும் வாங்கியபின் அவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

"பேரப் பசங்களுக்கு வேணும்மா. ஏப்ரல்ல பள்ளி சேர்றாங்க."

"எத்தனை பேருங்க?"

"ஆறு பேர்."

"ஆறு பேரும் ஒரே வருஷமா?" என்று அந்த அம்மாள் வியந்தார்.

"இல்லம்மா, இந்த வருஷம் ரெண்டு பேர். மத்தவங்க அடுத்தடுத்து வருவாங்க. ஒருத்தனுக்கு வாங்கி ஒருத்தனுக்கு வாங்கலைன்னா வீட்டுல யுத்தம்."

ஃபுஜியே அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது: ஆயிரத்து இருநூறு யென்.

"இது ஆறும் ஆறு பசங்களுக்குன்னு எடுத்து வச்சது. அறுபத்து மூணாம் வருஷம், குளிர்காலத்துல மேல்சுரங்கத்தை மூடிட்டாங்க. ஆறு குடும்பம் பள்ளிக்கூடம் முடியறதுக்குள்ள ஊரை விட்டுப் போயிடுச்சு. முன்பணம் கட்டாத பசங்க. ஆனா வாரா வாரம் வந்து கண்ணாடியில மூக்கை ஒட்டிப் பார்த்துட்டுப் போவாங்க. அப்புறம் பால்பாயிண்ட் வந்துச்சு, பசங்க கேக்கறதையே விட்டுட்டாங்க. கேக்கறவங்க எல்லாம் வழுக்கைத் தலையா வர்றாங்க. நீங்க வந்தீங்களே, நல்லது."

உமெகாகி ஒவ்வொரு பேனாவின் மூடியையும் கழற்றி நிப்பைப் பார்த்தார். ஆறும் மை தொடாதவை. ஏழாயிரத்து இருநூறு யென் கொடுத்தார்.

"பசங்க பேர் சொல்லுங்க. எந்தச் சித்திர எழுத்துல எழுதணும்னும் சொல்லணும்."

பரிசுத்தாளின்மேல் எழுதுவதற்காகக் கேட்கிறார் என்று உமெகாகி எண்ணினார். எத்தனை பேர் என்பதைத் தயார் செய்துகொண்டு போனவர் பெயர்களைத் தயார் செய்யவில்லை. பிள்ளையில்லாதவருக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எங்கிருந்து வரும்? வாயில் வந்த ஆறு பெயர்களைச் சொன்னார்.

"குடும்பப் பேர் வேண்டாம், கூப்பிடற பேர் மட்டும் போதும். எங்க கடை வழக்கம் அது," என்று எழுதிக்கொண்ட அம்மாள், பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தார். "உங்க வீட்டுல பிள்ளைகளுக்கு எல்லாம் தாத்தா பேராவே வச்சிருக்காங்களே! பாவம் பசங்க."

"என் மகனுக்குப் பழமைன்னா உசிரும்மா," என்றார் இல்லாத மகனைப் பற்றி.

அவருக்குத் தேநீரும் ஒரு துண்டு அவரைப்பாகு இனிப்பும் வைத்துவிட்டு அம்மாள் உள்ளறைக்குப் போனார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வானொலி பாடிக்கொண்டிருந்தது. அதனூடே டிக் டிக் என்று மெல்லிய ஓசை கேட்டது. சுவர்க்கடிகாரம் என்று அவர் நினைத்தார். வயதானவர், பொதிகட்ட நேரமாகிறது என்றும் நினைத்தார். ஆறு சிறு பொதிகள் வந்தன. கடையின் பெயர் அச்சிட்ட அறுபதுகளின் பழைய தாளில் மடிப்புக் குலையாமல் கட்டியிருந்தன. அந்தத் தாளே சேகரிக்கத் தக்கது. மறுநாள் கூட்டம், ஹத்தோரியின் முன்னிலையில்தான் பிரிப்பது என்று முடிவு செய்து, பிரிக்காமலே வீடு கொண்டுவந்தார்.

மறுநாள் ஞாயிறு. பொதிகளை மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு உமெகாகி கைகட்டி நின்றார். ஹத்தோரியின் முகம் வெளுத்தது.

"யோவ், எப்படிய்யா வாங்கினே?"

"பேரப் பசங்களுக்குன்னு சொன்னேன்."

"உனக்கேதுய்யா பேரன்?"

"அது அவளுக்குத் தெரியுமா?"

அறை முழுக்கச் சிரிப்பு. முதல் பொதியை அவரே பிரித்தார். பேனாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். திருப்பிய கை அப்படியே நின்றது. அருகில் இருந்தவன் நான். கரிய அரக்கின்மேல், மூடிக்குச் சற்றுக் கீழே, உளியால் கையாலேயே வெட்டிப் பொன்தூள் நிரப்பிய மூன்று சித்திர எழுத்துகள். அவ்வளவு திருத்தமான எழுத்தை நான் அதற்குமுன் பேனாவில் பார்த்ததில்லை. அது என் பெயர்: கிசபுரோ.

இரண்டாவது பொதியில் தென்கிச்சி. மூன்றாவதில் யோனெசோ. ஆறிலும் ஆறு பேர். கடையில் நின்று திணறிய வேளையில் அவர் வாயில் வந்தவை எங்கள் பெயர்கள்தாம். அவரவர் பெயர் வெட்டிய பேனாவை அவரவர் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு ஆறு கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம்.

பாத்திரத்தில் பேர் வெட்டுவதுபோலப் பேனாவிலும் வெட்டித் தருவது அந்தக் காலத்துக் கடைகளின் வழக்கம் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். பெயர் வெட்டிய பேனாவைச் சேகரிப்பவர் சீண்டமாட்டார் என்பதும் தெரியும். இன்னும் அதைக் கையால் செய்கிற ஒருவர் இருப்பார் என்பதைத்தான் எவரும் நினைக்கவில்லை.

ஹத்தோரிதான் முதலில் தெளிந்தார்.

"அட, இப்ப இதுக்கு என்ன விலை வரும்? ஆயிரத்து இருநூறு வருமா? சீட்டுல போட்ட விலை சரியாப் போச்சு! யாரும் யாரையும் ஏமாத்தலை. கிழவி கணக்கை நேர் பண்ணிட்டா."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். உமெகாகி சிரிக்கவில்லை. அவர் பொதித்தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். மடிக்கும்போது ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அஞ்சலட்டை நழுவி விழுந்தது. கடையின் முகவரி எழுதி, அஞ்சல்தலையும் ஒட்டியிருந்தது. பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி: *இந்தப் பேனாவால் எழுதும் முதல் கடிதத்தை எனக்கு எழுதவும்.*

"விடுய்யா, நானே எழுதிடறேன்," என்று ஹத்தோரி ஓர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விளையாட்டு என்றே நினைத்தோம். மீதி ஐந்தையும் உமெகாகி குறிப்பேட்டுக்குள் வைத்து மூடினார். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது செப்டம்பரில் எனக்குத் தெரிய வந்தது. தம்முடைய சொந்தச் சேகரிப்பில் மிகச் சிறந்த பதினொரு பேனாக்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு லட்சம் யென் சேர்ந்ததும் என் வீட்டுக்கு வந்தார்.

"கிசபுரோ, என்கூடக் கனாதானிக்கு வா. தனியாப் போனா வாசலோட திரும்பிடுவேன்."

"பேர் வெட்டின பேனாவுக்குப் பன்னிரண்டு லட்சமா? அதை வெட்டினதே அந்த அம்மாதானே?"

"நான் பேர் சொன்னதாலதானே வெட்டினாங்க?"

அக்டோபர் ஏழாம் நாள் போனோம். கடைக்குள் நுழைந்ததும் ஃபுஜியே அம்மாளின் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! பசங்க எப்படி இருக்காங்க? ஒருத்தன்தான் எழுதினான், தெரியுமா? இங்க பாருங்க!"

காசுப்பெட்டிக்கு மேலே சுவரில், ஊசி குத்தி, ஓர் அஞ்சலட்டை. குழந்தைக் கையெழுத்துபோலக் கோணலாக எழுதியிருந்தது: *பாட்டி, பேனா ரொம்ப நல்லா இருக்கு. நான் நல்லாப் படிப்பேன். தென்கிச்சி.* இடது கையால் எழுதியிருந்தாலும் ஹத்தோரியின் எழுத்து எனக்குத் தெரியும். உமெகாகி தரையில் அமர்ந்தார். நெற்றி தரையில் படும்படி குனிந்தார்.

"அம்மா, எனக்குப் பேரப் பசங்க இல்லை. மகனும் இல்லை. தென்கிச்சிக்கு அறுபத்தெட்டு வயசு."

அம்மாள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் பட்டியல் எழுதிய ஏட்டை எடுத்து, அந்தப் பெயரில் விரலை வைத்து, மறுபடியும் என் வழுக்கைத் தலையைப் பார்த்தார். விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

உமெகாகி தம் பெயர் முதல் எல்லாவற்றையும் சொன்னார். ஹத்தோரி திரும்பிப் போனது, அதனால் இந்தப் பொய்யைச் சொன்னது, பேனாவின் உண்மை விலை, எதையும் குறைக்கவில்லை. உறையை இரு கைகளாலும் நீட்டினார்.

"ஒண்ணு ரெண்டு லட்சமா?" என்றார் அம்மாள். குரலே மாறிவிட்டது. "எங்க சுரங்கத்துப் பசங்க வச்சு எழுதின பேனாவா? இருநூறு பேனாவுக்கு மேல வித்திருக்கேனே. நிப்பு வளைஞ்சுதுன்னு எத்தனையைக் குப்பையில போட்டாங்களோ!"

கெட்டிலில் நீர் கொதித்தது; அம்மாள் எழுந்து அடுப்பை அணைத்தார். எங்களுக்குத் தேநீர் ஊற்றவில்லை.

"உமெகாகி-சான், எங்க கடைக்கு முன்னால எத்தனை கடை?"

அவர் எதிர்பாராத கேள்வி அது. ஆனால் அவரிடம் குறிப்பேடு இருந்தது. அவர் எதையும் குறிக்காமல் விட்டதில்லை.

"நாற்பது கடைம்மா."

"அந்த நாற்பது பேர்கிட்டயும் போய் இப்படி நெத்தியத் தரையில வச்சீங்களா?"

"இல்லை."

"பின்ன, என்கிட்ட மட்டும் ஏன் வந்தீங்க?"

உமெகாகி குறிப்பேட்டைத் தரையில் வைத்தார்.

"நான் சொல்றேன். நான் பேர் வெட்டிட்டேன். உங்களால விக்க முடியலை. வெட்டாம வெறும் பேனாவாக் கொடுத்திருந்தா, வித்துட்டு, ஊருக்குப் போய் எங்க கடையைச் சொல்லிச் சிரிச்சிருப்பீங்க. இல்லையா?"

"ஆமாம்மா," என்றார் உமெகாகி.

எங்கள் வழக்கப்படி, தரும் பணத்தை இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை வாங்குவார்கள். அல்லது வாங்கவே மாட்டார்கள். மறுப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். வற்புறுத்துவதற்கான வார்த்தைகளைக்கூட மனத்துக்குள் தயார் செய்திருந்தேன். ஃபுஜியே அம்மாள் உறையை முதல் முறையிலேயே வாங்கினார். மேசைமேல் வைத்து முழுவதையும் எண்ணினார். காசுப்பெட்டியைத் திறந்து ஏழாயிரத்து இருநூறு யென்னை எடுத்து உமெகாகியின் முன் வைத்தார்.

"இது நீங்க ஏற்கெனவே கொடுத்தது. கூட வாங்கக் கூடாது."

ரசீது எழுதி வருவாய் முத்திரைத்தலை ஒட்டினார். சுவரிலிருந்த அஞ்சலட்டையின் ஊசியைக் கழற்றி, அட்டையை ரசீதோடு சேர்த்துக் கொடுத்தார். பேனாக்களைத் திருப்பித் தருகிறேன் என்று உமெகாகி சொன்னபோது, "உங்க பேர் வெட்டினது. எனக்கெதுக்கு?" என்றார். பிறகு, ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லி நான் என் வாழ்நாளில் கேட்டிராத வாக்கியத்தைச் சொன்னார்:

"இனிமே எங்க கடைக்கு வராதீங்க."

வெளியே வந்து பத்தடி நடந்திருப்போம். பின்னால் கதவு திறந்தது. அம்மாள் கையில் ஒரு கிண்ணம். வாசற்படியிலும், நாங்கள் மிதித்த கல்லிலும், பிடிப்பிடியாக உப்பை அள்ளி வீசினார். தீட்டான ஒன்று வீட்டைவிட்டுப் போன பிறகு செய்வது அது. எங்களை அவர் பார்க்கவில்லை. உப்பு சரளைக்கல்மேல் விழும் ஓசை தெருமுனை வரை கேட்டது. உமெகாகி நின்று, திரும்பி, குனிந்து வணங்கினார். கதவு மூடும் வரை நிமிரவில்லை.

ரயிலில் அவர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் கடை, 1985: ஊர், தேதி, வாங்கியது இன்னது, கொடுத்தது இவ்வளவு, விற்றது இவ்வளவு.

"அந்த அம்மா கடைசியாக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய்யில்லையே, கிசபுரோ?"

"இல்லை."

"அதுதான் பயமா இருக்கு."

அவரிடம் அப்போது விற்பதற்கு நல்ல பேனா எதுவும் மிச்சமில்லை. ஓய்வூதியத்தில் மாதந்தோறும் எடுத்து வைத்து, ஒரு கடையில் அடைந்த லாபத் தொகை சேர்ந்ததும் அதைக் கொடுக்க அந்தக் கடைக்குப் போவார். குறிப்பேட்டின் வரிசைப்படியே போனார். பல கடைகள் இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்தன. சிலரின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். ஒருவர் அழுதார். இன்னொருவரின் மருமகன், அப்பாவிடம் வேறு என்னென்ன பறித்தாய் என்று சட்டையைப் பிடித்தார். ஓரிடத்தில் தொண்ணூறு வயதான கடைக்காரர் அவரை அடையாளமே தெரிந்துகொள்ளாமல், பணத்தைக் கொடுக்க வந்தவர் என்பதையும் மறந்து, அவரிடமே ஓர் அழிப்பான் விற்றார். சுமி அம்மையார் இதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் புறப்படும் நாளில் வாசல்வரை வந்ததும் இல்லை.

ஆறு பேனாக்களையும் உமெகாகி அவரவரிடமே கொடுத்துவிட்டார். ஹத்தோரி தம் பெயர் வெட்டிய பேனாவில் மை ஏற்றி எழுதிவந்தார். நன்றாக எழுதுகிறது என்று எல்லோரிடமும் சொன்னார். என் பேனா என்னிடம் இருக்கிறது. அதில் நான் மை ஏற்றவில்லை.

2013 நவம்பர் 9, சனிக்கிழமை, உமெகாகி சதயோஷி குறிப்பேட்டின் நாற்பது கடைகளில் இருபத்தாறாவதும், அவர் கடைசியாகப் போனதுமான கடையின் மூடிய இரும்புக் கதவிலிருந்த கடிதத் துளையில் பணம் வைத்த ஓர் உறையைப் போட்டார்.